மரோன் அடைத்த வான்கோழி

லா ஷப்பேல்,
மார்கழி 26, 2014

அன்பான மகளுக்கு,

"அம்மா, கிறிஸ்மஸுக்கு அந்துவான் வீட்டில எல்லாரும் கூடுகினம். இந்த முறை அங்கை வரேலாது" என்று நேற்று நீ தொலைபேசியில் சொன்னாய். "அதுக்கென்ன பிள்ளை, நான் இன்னும் சமைக்கத் தொடங்கேல்லை" என்றேன். வான்கோழி அப்போதே ஓவனுக்குள் இருந்தது.

மருமகன் அந்துவானுக்குப் பிடிக்குமே என்று மரோன் எனும் செஸ்நட் கொட்டைகளை அவித்து மசித்து, கொத்திய இறைச்சியும் வெங்காயமும் சேர்த்து, வயிற்றுக்குள் அடைத்துத் தைத்திருந்தேன். மிளகு மட்டும் என் கைப்பழக்கம். வடிந்த வெண்ணெயை அள்ளி அள்ளி மேலே ஊற்றினேன். தோல் நல்ல பொன்னிறமாக வந்தது.

தனியே இருந்து அதை வெட்ட மனம் வரவில்லை. தட்டோடு தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டு ஆலீஸ் அம்மாவின் கதவைத் தட்டினேன். இத்தனை வருடமாகப் படிக்கட்டில் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொன்னதோடு சரி. அவர் பொட்டலச் சூப் ஒன்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். என் வான்கோழி உறைப்பென்று இருமினார், ஆனாலும் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"உங்கள் மகள் வரவில்லையா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"அவளுக்கு வேலை" என்றேன்.

தன் மகனுக்கும் வேலைதான் என்றார்.



அந்துவானைச் சுகம் கேட்டதாகச் சொல். குளிருக்குக் கவனம்.

அம்மா