நெமெதாவை வளர்க்கக் கொடுத்த ஆண்டு

குதிரை மாதம், ஆறாம் இரவு

நாற்பத்தொரு வண்டிகளும் ஊற்றுக்குக் கீழே நிற்கின்றன. சக்கரங்களை இன்னும் யாரும் கழற்றவில்லை. எங்கள் ஆட்கள் சக்கரத்தைக் கழற்றினால்தான் ஓர் இடத்தில் தங்கிவிட்டதாக அர்த்தம்.

மேட்டிலிருக்கும் ஊரின் தலைவர் மானேஸ் வந்தார். எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருப்பது கிரேக்கர்களின் பேச்சுதான். அதில் கொஞ்சம் தெரிந்தவன் இங்கே நான் ஒருவன், அங்கே அவர் ஒருவர். "தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். விதைப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்றார். அப்புறம் என்றால் எப்போது? கடலிடுக்கைக் கடந்து இந்த மேட்டுநிலத்துக்கு வந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. இந்தப் பருவமும் விதைக்காவிட்டால் மறுபடி வண்டிதான், மறுபடி அடுத்தவர் களஞ்சியத்தைக் கொள்ளையடித்துத்தான் சாப்பாடு. பேத்தி நெமெதாவுக்கு ஏழு வயதாகிறது. வண்டியில் பிறந்தவள். ஒரு கூரைக்கு அடியில் அவள் தூங்கியதே இல்லை.

குதிரை மாதம், எட்டாம் இரவு

மருமகன் செகோமார் முடிவு செய்துவிட்டான். கூட்டத்தின் தலைவன் அல்லவா, பெரிதாகத்தான் யோசிப்பான். நெமெதாவை மானேஸ் வீட்டில் வளர்ப்புப் பிள்ளையாகக் கொடுப்பது. எங்களுக்குள் இதைவிடப் பெரிய நம்பிக்கை கிடையாது. பிள்ளையைக் கொடுத்த வீடும் வாங்கிய வீடும் ரத்த உறவைவிட நெருக்கம்.

"நம்ம கத்தியப் பாத்துப் பயந்து இடம் குடுத்தா, கத்தி இருக்கற வரைக்குந்தான் மாமா. இது அப்படியில்ல" என்றான். என் மகள் பனோனா, நெமெதாவைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். அவளும் ஏழு வயதில் வேறொரு வீட்டுக்குப் போனவள்தான். நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

குதிரை மாதம், பத்தாம் இரவு

கொடுத்துவிட்டோம்.

பனோனா பின்னலை மூன்று முறை அவிழ்த்து மூன்று முறை பின்னினாள். மானேஸிடம் நான்தான் பேசினேன். "இவளை வளர்த்துக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான் சொன்னேன். அவர் மனைவி அப்பியா குழந்தையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

குதிரை மாதம், பதினெட்டாம் இரவு

ஊற்றுக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டோம். முதல் ஒரு வருடம் பெற்ற வீட்டார் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. போய்ப் பார்த்தால், 'உன் வளர்ப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று வளர்ப்புத் தாயின் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி.

மான் மாதம், நான்காம் இரவு

பல் போய், பையன்களுக்குக் குலப்பாட்டுகள் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தி ஐந்து வருடம் ஆகிறது. இன்னும் காலையில் எழுந்ததும் வாய் தானாக முதல் அடியைத் தேடுகிறது. பாட்டுகளை எழுதக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. வெறும் சமாச்சாரத்தை எழுதத் தடையில்லை. உப்பு வியாபாரி ஒருவன் சொல்லிக்கொடுத்த எழுத்து இப்போது துணை.

மான் மாதம், இருபதாம் இரவு

பனோனா கேட்டாள். "ஒரே ஒரு தடவ, தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துடறேம்ப்பா."

"முறை இல்லம்மா."

"முறைதான். வயித்துக்குத் தெரியுமா அது?"

அனல் மாதம், இரண்டாம் இரவு

இன்று எங்கள் ஆள் ஒருவன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். நெமெதா குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடேறிப் போகிறாளாம். வெறுங்காலோடு. நேற்றும் பார்த்தானாம், அப்போதும் குடம்.

செகோமாரின் முகம் கறுத்துப்போயிற்று. "தலைவன் வீட்டுப் பொண்ணு. தண்ணி சுமக்கவா அனுப்பினேன்? வேலைக்காரி ஆக்கிட்டாங்க மாமா. நாம நம்பிக் குடுத்தத அடிமையா வெச்சிக்கிட்டாங்க."

மாலையில் சாணைக்கல் சத்தம் நாலு வண்டிகளிலிருந்து கேட்டது. நான் போய்ச் சொன்னேன்: ஒரு பையன் பாட்டைத் தப்பாகச் சொன்னால் உடனே கையை ஓங்க மாட்டேன், 'நான் சொன்னது உன் காதில் எப்படி விழுந்தது?' என்றுதான் முதலில் கேட்பேன். செகோமார் மீசையைக் கடித்தான். "அமாவாசை வரைக்கும். உங்களுக்காக. அதுக்கப்புறம் புள்ளையத் தூக்கிட்டு, ஊரக் கொளுத்திட்டுக் கிளம்பறோம்."

அனல் மாதம், ஒன்பதாம் இரவு

தூக்கமில்லை. மேலே போய்க் கேட்கலாம் என்றால் முறை தடுக்கிறது. போகாமல் இருந்தால் — என்ன ஆகும்? அந்த ஊரிலும் ஏழு வயதுப் பிள்ளைகள் இருக்கின்றனவே.

அனல் மாதம், பதினான்காம் இரவு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலையில் அப்பியா வந்தாள், தனியாக. இல்லை, இரண்டு பெண்பிள்ளைகளோடு. ஒன்று அவள் மகள் அமியா, இன்னொன்று எங்கள் நெமெதா. சாணைக்கல்லுக்கு எதிரிலேயே வந்து நின்று இடுப்பில் கைவைத்துக் கத்த ஆரம்பித்தாள், அவர்கள் பேச்சில். ஒரு சொல்கூட எங்களுக்குப் புரியவில்லை. நெமெதாதான் பக்கத்தில் நின்று, முகத்தை வெகு கெட்டியாக வைத்துக்கொண்டு, எடுத்துச் சொன்னாள்.

"'நீங்கள்லாம் மனுசங்கதானா'ன்னு கேக்கறாங்க தாத்தா. 'ரெண்டு மாசமாச்சு. நாய்கூடக் குட்டியத் தேடி வரும்'ங்கறாங்க. அப்பாவப் பத்தி ஒண்ணு சொன்னாங்க. சொல்லட்டுமா?"

"சொல்லு" என்றான் செகோமார்.

"'இம்மாம் பெரிய மீசை வெச்சிருக்கானே, பெத்த பொண்ணப் பாக்க நாலு எட்டு நடக்கக் காலில்லையா'ன்னு."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். செகோமார் சிரிக்கவில்லை. "தண்ணி சுமக்க வெச்சாங்களே, அதக் கேளு."

கேட்டாள். அப்பியா தன் மகளின் கையைப் பிடித்து விரித்துக் காட்டினாள். நெமெதாவின் கையில் இருந்த அதே காய்ப்பு. "'எம்பொண்ணுந்தான் எடுக்குது. வீட்டுப் புள்ளன்னா தண்ணி எடுக்கும். விருந்தாளிதான் எடுக்கமாட்டா'ன்னு சொல்றாங்க." பிறகு நெமெதா தானாகவே சொன்னாள்: "எனக்கு உள்ள படுத்தா மூச்சு முட்டுச்சு தாத்தா, மேல மூடியிருந்துதா. அம்மா முத்தத்துல பாய் போட்டு, பத்து ராத்திரி எங்கூடவே படுத்தாங்க."

அப்பியாவை அம்மா என்றாள். பனோனா முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களிடம் இந்தப் பழக்கமே கிடையாது. பிள்ளையைக் கொடுத்துவிட்டு எட்டிப் பார்க்காமல் இருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? சோறு போட முடியாமல் தள்ளிவிட்டோம் என்றுதான். நாற்பது வருடம் பாடம் சொன்னவன் நான். எதிரில் இருப்பவருக்கு எது தெரியாது என்று கேட்காமலே இரண்டு சொல்லில் முடித்துவிட்டேன். என் பிழை. எல்லோர் முன்னாலும் சொன்னேன். நம்பிக்கை என்றால் எங்களுக்கு என்ன, ஏன் போகக் கூடாது, எல்லாவற்றையும் நெமெதா வழியாக அப்பியாவுக்கு விளக்கினேன்.

அப்பியா வண்டியின் நுகத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டாள், தலையாட்டினாள், கடைசியில் ஒன்று சொன்னாள்.

"'கிறுக்குப் பயலுவ'ங்கறாங்க."

பனோனா இன்னும் தள்ளியே நின்றுகொண்டிருந்தாள். அப்பியா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து, நெமெதாவின் தலையில் வைத்தாள்.

அனல் மாதம், பதினைந்தாம் இரவு

சாணைக்கற்களைக் காணோம். அரிவாள் தீட்ட மட்டும் ஒன்று வெளியே இருக்கிறது.

பாட்டு மாதம், பதினோராம் இரவு

ஊற்றுக்குக் கீழ்ப்பக்கத்துத் தரிசு முழுவதையும் மானேஸ் கேட்காமலே காட்டினார். விதை பார்லியும் அவர்கள் தானியக் குழியிலிருந்து. அப்பியா வீட்டில் என்ன சொன்னாளோ! செகோமார் முதல் சக்கரத்தைத் தானே கழற்றினான். அச்சாணி துருவேறியிருந்தது, ஒரு நாழிகை பிடித்தது.

மறுபடி குதிரை மாதம், இருபத்திரண்டாம் இரவு

பல மாதமாக எழுதவில்லை. கூரை வேய்கிறவனுக்கு எழுத நேரம் ஏது? என் சக்கரத்தில் கோழி அடைகாக்கிறது.

அப்பியா போன மாதம் அமியாவை எங்கள் வீட்டில் வளர்ப்புக்கு விட்டாள். 'நம்ம முறைப்படி' என்று அவளே சொன்னாள். மறுநாள் காலை வந்து நின்றாள், பார்க்க. அதற்கு மறுநாளும். தினமும் ஒரு கலயம் ஆட்டுப்பால் தயிரோடு. செகோமார் என்னிடம் பொருமினான்: "இதுக்குப் பேரு வளர்ப்பா மாமா? முறையே கெட்டுப்போச்சு."

இன்று காலையிலிருந்து நல்ல மழை. மேட்டுப் பாதை சேறு. உச்சிப் பொழுதாகியும் அப்பியாவைக் காணவில்லை. செகோமார் ஒரு மாட்டுத்தோலைத் தலையில் போட்டுக்கொண்டு பாதை ஓரத்தில் போய் நின்றான். மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றவன் திரும்பிக் கத்தினான்:

"என்ன மாமா, இன்னும் ஆளக் காணோம்?"