அப்பாவின் பெயரில் கிடந்த மரணம்

என்ர அண்ணை,

உங்களைக் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு வருடமாக மரண விசாரணை அலுவலகத்துக்கு அலைந்தேன். நம்மட வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னுக்கு வைத்து, "கந்தையா சிவநேசன்" என்றுதான் கேட்டேன். சிவநேசன் என்று எவருமே இல்லை என்றார்கள். இல்லையாம்! செத்ததற்குக்கூட அத்தாட்சி இல்லாத பிள்ளையா நீங்கள்?

நான் கனடா வருவதற்கு முந்தின மாரிக்குளிரில், டோர்செட் பார்க் பகுதியில் நீங்கள் இருந்த கட்டடத்துக்குப் பின்னால் பனியில் கிடந்தீர்கள். அவ்வளவுதான் தெரியும். மிச்சத்தைச் சனம் கதையாகக் கட்டிவிட்டது. கோயிலில் ஓர் அன்ரி, பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "உம்மட அண்ணை பல்கனியால குதிச்சவராமே?" என்று கேட்டா. நாக்கில் நரம்பில்லாத சனம். கொழும்பில் இருக்கிற அம்மாவின் காதுக்கும் கதை போய்விட்டது. அதற்குப் பிறகு அவ அழுவதில்லை. "நான் என்ன குறை விட்டனான்?" என்று உங்கள் படத்தைக் கேட்கிறாவாம்.

போன மாதம் டொக்டரிடம் போனபோது என்னை "மிஸ் கந்தையா" என்று கூப்பிட்டார்கள். அப்போதுதான் பொறி தட்டியது. இந்த நாட்டில் அப்பாவின் பெயரல்லவா நமக்குக் கடைசிப் பெயர்! திரும்பப் போய் அப்படிக் கேட்டேன். அறிக்கையின் பிரதி தபாலில் வந்தது. இறந்தவர்: மிஸ்டர் கந்தையா. அப்பா உயிரோடு இருக்கிறார், அண்ணை.

நீங்கள் குதிக்கவில்லை. ஐஸில் வழுக்கித் தலை அடிபட்டிருக்கிறது. விபத்து என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். உடனே உயிர் போகவில்லை, குளிரில்தான் போனது என்றும் எழுதியிருக்கிறார்கள். அத்தனை ஜன்னல் உள்ள கட்டடம். கூப்பிட்டீர்களா? யாரைக் கூப்பிட்டீர்கள்?

நேற்று கொழும்புக்கு ரெலிபோன் எடுத்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நீங்கள் குதிக்கவில்லை, வழுக்கித்தான் விழுந்தீர்கள் என்று சொன்னேன். அறிக்கையில் அவரின் பெயர் கிடக்கிறது, திருத்தச் சொல்லட்டா என்று அப்பாவைக் கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை. அண்டைக்கு நானும்தான் செத்தனான்," என்றார். பிறகு, "அவன் கஷ்டப்பட்டவனோ?" என்றார்.

"இல்லை அப்பா. உடனயே."

பின்னால் அம்மா ஓவென்று அழுவது கேட்டது. உங்களுக்காக அழ அவவுக்கு இப்போதுதான் முடிந்தது.

அறிக்கையை அவர்களுக்கு அனுப்பமாட்டேன். அந்தக் குளிர் உங்களோடும் என்னோடும் இருக்கட்டும். ஆனால் இனி எவராவது குதித்தவர் என்று வாய் திறந்தால், கோயில் என்றும் பார்க்கமாட்டேன். இது சத்தியம்.

நீங்கள் கூப்பிட்டது கேட்காத தூரத்தில் இருந்த
உங்கள் தங்கச்சி