நிழல் கல்லும் என் கடிகாரமும்

சித்திரை 4, செவ்வாய்

வெயில். மண்டையில் அப்பளம் பொரிக்கலாம். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாயிற்று. மணிக்கூண்டோடு ஒப்பிட்டேன், மணிக்கூண்டுதான் அரை நிமிஷம் பிந்தி.

வெள்ளிக்கிழமை தங்கை மகள் கமலாவுக்கு நிச்சயம். ராகுகாலம் கழித்துத் தட்டு மாற்றம். பினாங்கு டத்தோ கிராமாட்டில் இருபது வருஷமாக எந்த நல்ல காரியத்துக்கும் ‘நேரம் ஆச்சு’ என்று சொல்வது இந்த வாய். ராகுவே என்னைக் கேட்டுத்தான் புறப்படுவான்.

தங்கை சொல்கிறாள்: “எதுக்கும் எஸ்ரா முதலாளி வீட்டு நிழலையும் பாத்துக்கலாம்ண்ணே. கடிகாரம் நிக்கும். சூரியன் நிக்காதுலா.”

எஸ்ரா: பக்கத்து வீட்டு யூதர். ஜாதிக்காய் வியாபாரம்.

5, புதன்

சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கல்தூண், அதன்மேல் பித்தளைத் தட்டு, நடுவில் முக்கோணத் தகடு. அதன் நிழல் விழும் கோடுதான் மணியாம். பாக்தாதிலிருந்து வந்ததாம். முந்நூறு வயதாம். சாவி இல்லை, டிக் டிக் இல்லை. இதைச் சுற்றி ஆறு பேர், வாய் பிளந்து. என் தங்கை, கையில் அதிரசத்தோடு. இருபது வருஷத்தில் எனக்கு ஒரு முறுக்கு வந்ததில்லை.

சாப்பாடு இறங்கவில்லை. நாலு தோசை மட்டும்.

6, வியாழன்

எஸ்ரா கடைக்குப் போனதும் சுவர் தாண்டினேன். வேட்டி கிழிந்தது. என் கடிகாரத்தில் பன்னிரண்டு. நிழல் இன்னும் நடுக்கோட்டுக்கு வரவில்லை. திருகாணி தளர்வு. தட்டைத் திருகிக் கோட்டை நிழலுக்குக் கொண்டுவந்தேன். பாக்தாத் பணிந்தது.

சாயங்காலம் எஸ்ரா சுவரோரம் வந்து மலாயில் பேச்சு. அவர்கள் கணக்கே வேறாம். உதயம் முதல் அஸ்தமனம் வரை பன்னிரண்டு துண்டு. பகல் நீண்டால் மணியும் நீளும். புதுநாள் பிறப்பது பொழுது சாய்ந்து. சனிக்கிழமை ஓய்வுநாள் முடிவது மூன்று நட்சத்திரம் தெரிந்தால். உங்கள் ராகுகாலமும் பகலை எட்டாக வெட்டுவதுதானே என்றார். கடிகாரத்தின் பன்னிரண்டு சர்க்கார் வைத்ததாம். அது அடிக்கும்போது பினாங்கில் சூரியன் உச்சிக்கு வர இன்னும் இருபது நிமிஷமாம்.

அடப்பாவி. என் பேச்சைக் கேட்டால் கமலாவின் தட்டு ராகு வாயில். கல்லையும் நானே கெடுத்தாயிற்று. திருப்பி வைக்கலாம்தான். வைத்தால் அவர் ஜெயித்தார்.

7, வெள்ளி

ராகு 10.30–12. மாப்பிள்ளை வீட்டார் அக்கரை பட்டர்வொர்த்திலிருந்து படகில். எல்லாருக்கும் அவசரம்.

என் கடிகாரத்தில் பன்னிரண்டு. கூடம் முழுக்க என் வாயைப் பார்க்கிறது. சுவரோரம் போய்வந்த தங்கை, அங்கேயும் நிழல் வந்துவிட்டது என்றாள். கமலா மெதுவாக, “மாமா சொன்னாதான் மாத்தணும்.”

வாயைத் திறந்தேன். மூடினேன். பொறுங்கள் என்று சொல்லிச் சுவர் தாண்டினேன் (இரண்டாவது வேட்டி). தட்டைப் பழைய தடத்துக்குத் திருகினேன். வராந்தாவில் எஸ்ரா. எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதுதான் இன்னும் எரிச்சல்.

இருபது நிமிஷம், இருபது யுகம். நிழல் கோட்டைத் தொட்டது.

“நேரம் ஆச்சு. தட்டை மாத்துங்க.”

பட்டர்வொர்த்துக்கே கேட்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் குலவை. கமலா முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

8, சனி

காலையிலிருந்து மேகம். நிழல் இல்லை. பொழுது சாய்ந்தும் ஒரு நட்சத்திரம் இல்லை. மனம் குளிர்ந்தது.

எஸ்ரா சுவரோரம் வந்தார். ஓய்வுநாள் முடிந்ததா தெரியாமல், விளக்கேற்ற முடியாமல், வீடே இருட்டில். மணி என்ன என்று கேட்டார். என்னிடம். கடிகாரத்தை மெள்ள எடுத்தேன். சங்கிலியை முழுசாக இழுத்துவிட்டேன்.

“சரியா ஏழு, முதலாளி.”

விரல் விட்டு இருபதைக் கழித்துக்கொண்டு உள்ளே போனார்.