செவலைக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு

ஏங்க,

மொத பஸ்ஸுக்குக் கெளம்பிட்டேன். பிரெஞ்சு கிளாஸ்ல சேர்றப்ப ஒரு எழுத்துகூடத் தெரியாது. இன்னிக்கு யுனிவர்சிட்டில நான் பிரெஞ்சுலயே பேசிக் காட்டணும்! பாஸாயிட்டா அடுத்த லெவல் கிளாஸ். சாமைச்சோறும் புளிக்கொழம்பும் மூடி வச்சிருக்கேன். இன்னொரு சாவி பக்கத்து வூட்டு தேவயானிகிட்ட இருக்கு.

நேத்து "இந்த வயசுல இன்னாத்துக்கு பிரெஞ்சு?"ன்னு கேட்டீங்கல்ல, அந்தக் கோவம் இன்னும் போவல.

ஆனா ஒரு விஷயம். பால் கறக்கறப்பல்லாம் நம்ம செவலைப் பசுகிட்டதான் பேசிப் பழகினேன். இப்ப தமிழ்ல கூப்ட்டா அது திரும்பிகூடப் பாக்கமாட்டேங்குது. சாயந்திரம் மேய்ச்சல்லருந்து கூப்புட "வியான் இசி"ன்னு சொல்லுங்க. "இங்க வா"ன்னு அர்த்தம்.

சாந்தம்மா

கூச்சமா இருந்தா, பக்கத்துல ஆளில்லாதப்ப சொல்லுங்க. எனக்கும் மொதல்ல அப்டித்தான் இருந்துச்சு.