பாஸ்வேர்டு தர மாட்டேன்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், தையல் மெஷினும் நலம், என் கோபமும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன், கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

நடந்ததை உன் தங்கை உன்னிடம் அரையும் குறையுமாகச் சொல்லியிருக்கிறாள், முழுசாகக் கேள். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் சீருடையை முடித்துக் கொடுக்கும் அவசரம், கையில் கத்தரிக்கோல், வாயில் குண்டூசி. பேமெண்ட் ஆப் கம்பெனி அனுப்பியது என்று ஒரு மெசேஜ், இன்று மாலைக்குள் உறுதி செய்யாவிட்டால் என் கணக்கு முடங்கிவிடுமாம். ஆப்பில் இருக்கும் அதே நிறம், அதே படம். பதறிப்போய் லிங்கை அழுத்திப் பாஸ்வேர்டைப் போட்டேன், பின்னாலேயே வந்த ஓடிபியையும் போட்டேன். துணியை இரண்டு தடவை அளக்காமல் வெட்டாதவள் இதை ஒரு தடவைகூட நிதானமாகப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் ஆப் கம்பெனியிலிருந்து என்று ஒரு பெண் போன் செய்து, உங்க கணக்கை யாரோ புது போன்ல திறந்து மொத்தப் பணத்தையும் அனுப்பப் பாக்கறாங்க, நாங்க நிறுத்தி வச்சிருக்கோம் என்றாள். திருடனை நம்பிய உன் அம்மா அந்தப் பெண்ணைத் திருடி என்று திட்டித் தீர்த்தாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். அவளோ கோபப்படவே இல்லை, என்னை நம்ப வேணாம்மா, போனை வச்சிட்டு நீங்களே ஆப்பைத் திறந்து பாருங்க, இதே தகவல் அங்க இருக்கும், பாஸ்வேர்டு, ஓடிபி எதையும் நாங்க கேக்கவே மாட்டோம் என்றாள். திறந்து பார்த்தேன், அவள் சொன்னது அப்படியே இருந்தது. பணம் போகவில்லை. குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

அழுது முடித்ததும் பாஸ்வேர்டை மாற்றினேன். அந்தக் கள்ள மெசேஜைக் கம்பெனிக்காரர்கள் கேட்டபடி அனுப்பி வைத்தேன். இரண்டே நாளில் அந்தப் போலிப் பக்கத்தை மூட வைத்துவிட்டோம், தகவலுக்கு நன்றி என்று ஆப்பிலேயே பதில் வந்தது. அளவெடுக்கும் கண்ணாடி பக்கத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், மெசேஜில் வரும் லிங்கைத் தொடாதீர்கள், சந்தேகம் வந்தால் ஆப்புக்குள் போய்ப் பாருங்கள் என்று. அளவு கொடுக்க வருகிற எல்லோரும் படித்துவிட்டுத்தான் கையைத் தூக்குகிறார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு நீ சொல்லி அனுப்புகிறாய், அம்மாவுக்கு இதெல்லாம் ஒத்துவராது, ஆப்பை எடுத்துவிடட்டும், கணக்கை நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்று. முன்னறையில் ஒரு மெஷினோடு ஆரம்பித்து இந்தக் கடையைப் பிடித்தவள் நான். பொத்தான் வாங்கக்கூட உன்னைக் கேட்டு, அங்கே வெளிநாட்டில் நீ தூங்கி எழும்வரை நான் காத்திருக்க வேண்டுமா? நீ பாசத்தில்தான் சொல்கிறாய், தெரியும். ஆனாலும் முடியாது. ஒரு தடவை ஏமாந்தேன் என்பதற்காக என் கையைக் கட்டிப்போட யாரையும் விட மாட்டேன், பெற்ற பிள்ளையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நேற்றுக் காலை தெரியாத எண்ணிலிருந்து ஒரு மெசேஜ், அம்மா இது என் புது நம்பர், உடனே பாஸ்வேர்டை அனுப்புங்க என்று. ஒரு கணமும் யோசிக்கவில்லை, கம்பெனிக்குப் புகார் கொடுத்துவிட்டேன். அது நிஜமாகவே உன் நம்பர்தான் என்று சாயங்காலம் தங்கை சொன்னாள். சொன்ன பிறகும் புகாரைத் திரும்ப வாங்கவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மறக்காமல் உன் பாஸ்வேர்டையும் மாற்று, மாற்றி என்னிடம்கூடச் சொல்லாதே.

இப்படிக்கு,
தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்
உன் அம்மா