அம்மா இருமியதே இல்லை

மார்ச் 4

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ சாப்பிடுகிறாய், தூங்குகிறாய், வாய்க்கு வந்ததை எழுதுகிறாய் என்பது ஞாயிறு மலரைப் பார்த்தாலே தெரிகிறது. போன் செய்தால் "கூட்டத்துல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

அப்பாவைப் பற்றி எடுத்த படத்தை நேற்றுதான் பார்த்தேன். ஒரு நீச்சல் கோச்சுக்குப் படம் எடுத்தார்கள், சந்தோஷம். அவர் தயார் செய்த பிள்ளைகள் கோப்பை வாங்கியது பொய்யில்லை. ஆனால் அம்மா என்று ஒருத்தி வருகிறாளே, அது யாருடா? முக்கால்வாசிப் படத்துக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து இருமுகிறாள். நம் அம்மாவுக்குப் பழுதானது சிறுநீரகம். சிறுநீரகம் எங்கேயாவது இருமுமா? ஆஸ்பத்திரி லேப்பில் இருபது வருஷமாக ரத்தம் சோதிக்கிறவள் கேட்கிறேன். அம்மா அச்சகத்தில் பிழை திருத்தியவள். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடச் சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பி அனுப்புவாள். படத்தில் அவளுக்கு மொத்தமே நாலு வசனம். கடைசி வசனம், சாகிற நேரத்தில், போட்டிக்குப் போயிருக்கிற கணவரைப் பற்றி மகளிடம்: "அவர் வரவேண்டாம். அந்தப் பசங்க ஜெயிக்கணும்." உடனே வயலின்.

எடுத்தவர்களை விடு, அவர்கள் அம்மாவைப் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய். 'ஓரசீட்டு' என்ற புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டு, மகன் என்று மூச்சுவிடாமல், ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறாய். "இந்த ஒரு வசனத்தில் ஒரு மனைவியின் முழு வாழ்க்கையும் இருக்கிறது" என்று வேறு எழுதியிருக்கிறாய். போன வருஷம் வேறு யாரோ ஒருவருடைய அப்பாவைப் பற்றி இதே மாதிரி படம் வந்தபோது, "அழத்தான் வேண்டுமென்றால் வெங்காயம் உரித்தால் போதுமே" என்று கிழித்தவன் நீதானே? நம் வீட்டு வெங்காயம் மட்டும் இனிக்கிறதா?

இந்த மாதக் கடைசியில் உங்கள் விமர்சகர் சங்கம் சிறந்த படத்துக்கு வாக்களிக்கிறதாம். அதற்குள் நீ யார் என்பதை ஊரறியச் சொல்லி, எழுதியதைத் திரும்பப் பெற வேண்டும். முடியாது என்றால் இந்த வீட்டுப் பக்கம் வராதே. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உன் அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

நீ இப்படியெல்லாம் எழுதுவாய் என்று தெரிந்திருந்தால் போனையே எடுத்திருப்பேன். எனக்கும் கோபம் வரும், அதையும் கொஞ்சம் கேள்.

இருமல் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் தியேட்டரில் பார்த்த அன்று ஒருவர் படம் முடிந்ததும் படிக்கட்டிலேயே நின்று தன் அப்பாவுக்குப் போன் செய்தார். "சும்மாதான்ப்பா கூப்பிட்டேன்" என்றார். அப்படி ஒரு மனிதனை உலுக்கிய படத்துக்கு நட்சத்திரம் கொடுக்காமல், இடைவேளையில் பாதிப் பேர் ஓடிப்போகிற படத்துக்கா கொடுப்பது? அழவைத்தாலே மட்டம் என்று சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. போன வருஷம் நானும் அவர்களில் ஒருவன்தான் என்றே வைத்துக்கொள்.

சரி, அந்த வசனத்துக்கு வருவோம். ஒன்றும் தெரியாதவள் மாதிரி எழுதியிருக்கிறாயே, அது யார் எழுதிய வசனம்? இயக்குநருக்கு அப்பா சொன்னார். அப்பாவுக்குச் சொன்னது நீ. போட்டி முடிந்து மறுநாள் காலையில் அவர் வந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நீதான் சொன்னாய். விடுதியிலிருந்து அப்போதுதான் வந்த நான் பையைக்கூட இறக்காமல் பின்னால் நின்றிருந்தேன். அம்மா அப்படிப் பேசுகிறவள் இல்லை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். நீ சொன்னால் ஆறுதல், படம் சொன்னால் பொய்யா? எந்த ஊர் நியாயம் அக்கா இது?

அம்மா நிஜமாக என்ன சொன்னாள்? பதினெட்டு வருஷமாக நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். தைரியம் இருந்தால் எழுது.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

ஆமாம், நான்தான் சொன்னேன். மறக்கவில்லை, உன்னிடம் மறைத்தேன். படத்தின் மேல் கொட்டிய கோபத்தில் பாதி என் மேல் விழவேண்டியது. உன் கடிதம் வந்த அன்று லேப்பில் எனக்கு வேலையே ஓடவில்லை.

ஆனால் நான் அதைச் சொன்னது, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் நின்ற ஒரே ஒரு மனிதருக்கு. அவர் அன்றைக்கு விழாமல் வீடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எனக்கு யாரும் நட்சத்திரம் போட வேண்டாம். உன் வேலை வேறு. நோயாளி பாவம் என்று நான் சர்க்கரையைக் குறைத்து எழுதிக் கொடுத்தால் சும்மா விடுவார்களா? உனக்கு அழுகை வந்தால் வந்தது என்று எழுது, யார் வேண்டாம் என்றார்கள்? அழுகை வந்ததாலேயே நல்ல படம் என்று எழுதினாய் பார், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதுவும் பொய் என்று தெரிந்தே எழுதினாய்.

அம்மா சொன்னது இதுதான்: "உங்கப்பா வந்தா உள்ள விடாத. கப்பை எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்குப் போகச் சொல்லு." அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் இந்தப் படத்தை எட்டுத் தடவை பார்த்திருக்கிறார், தெரியுமா? பெருமையில்தான் போகிறார் என்று நினைத்து எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னதைச் சொன்னதும், "அவ சொன்ன மாதிரியே இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன், அம்மாவின் அதே எரிச்சலோடு. கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இதுதாம்மா அவ. படத்துல வர்றது யாருன்னே தெரியல. ஒவ்வொரு தடவையும், எங்கயாவது ஒரு இடத்துல அவ வருவாளான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

அப்புறம் அழுதார். படத்தில் அந்த நடிகர் அழுகிற அழகு இல்லை. மூக்கைச் சிந்திச் சிந்தி, பார்க்கச் சகிக்காமல் அழுதார். நடுவில் ஒருமுறை சிரித்தார். அன்றைக்கு அவர் போட்டிக்குப் போயிருக்கக் கூடாது, தம்பி. அது அவருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு இருக்கிற ஒரு மனிதரைப் பற்றிப் படம் எடுத்திருந்தால், ஐந்து என்ன, ஆறு நட்சத்திரம் நானே போட்டிருப்பேன்.

கேட்டாய், எழுதிவிட்டேன். இனி உன் பாடு.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் மகன் என்றும், விமர்சனத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் நாலு வரி, சொந்தப் பெயரில், போன ஞாயிறு வந்தது. எட்டாம் பக்கம், கீழே. அம்மா சொன்னதை அதில் எழுதவில்லை. அது நம் மூன்று பேரோடு இருக்கட்டும். ஓரசீட்டு பத்தியை நிறுத்திவிட்டார்கள், நிறுத்த வேண்டியதுதான்.

வாக்கை எதிராகப் போட்டேன். என் ஒரு வாக்கில் என்ன ஆகும், படம் ஜெயித்துவிட்டது.

நேற்று விழா. பாராட்டுரை என்று ஒன்றை மேடையில் வாசித்தார்கள். என் பழைய விமர்சனம், வரிக்கு வரி. நான் திரும்பப் பெற்றதை ஒருத்தரும் படிக்கவில்லை போலிருக்கிறது. "ஒரு மனைவியின் முழு வாழ்க்கையும்" என்ற இடம் வந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் கோபம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் குனிந்து, "உங்களுக்கு மனசே இல்லையா சார்?" என்று கேட்டார்.

"அது எங்கம்மா இல்ல" என்றேன். அந்தக் கைதட்டலில் அவருக்கு அது கேட்கவில்லை.

உன் தம்பி