மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பதினொரு மூட்டைகள் குறித்து

அனுப்புநர்:
தச்சர்,
கதவு எண் 14, மூன்றாவது குறுக்குத் தெரு.

பெறுநர்:
நிலைய அலுவலர் அவர்கள்,
தீயணைப்பு நிலையம்.

பொருள்: கதவு எண் 16-இல் பழைய கெப்பாசிட்டர்களிலிருந்து பல்லேடியம், வெள்ளி பிரிக்கும் பட்டறை – ஆசிட் ஊறிய மரத்தூள் மூட்டைகளை உடனே அகற்றக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எதிர்மனுதாரர் என் கூடப்பிறந்த தம்பி. பங்காளிச் சண்டை என்று தாங்கள் இந்தத் தாளை ஒதுக்கிவிடக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குள் சொத்துத் தகராறு எதுவும் இல்லை. இருப்பது ஒரு பொதுச்சுவர் மட்டுமே.

2. பழைய டிவி, டெலிபோன் சர்க்யூட் பலகைகளிலிருந்து பயறு போன்ற செராமிக் கெப்பாசிட்டர்களைப் பிடுங்கி, இடித்து, நைட்ரிக் ஆசிட்டில் கரைப்பது அவன் தொழில். ஒரு சாக்குக்குக் கடுகளவு பல்லேடியம் கிடைக்கும், தங்கம் போல விலை போகும் உலோகம். அந்தக் கடுகுக்காகப் பகல் முழுக்கப் பழுப்புப் புகை வருகிறது. என் ரம்பங்கள் துருவேறிவிட்டன, ஆனால் நான் எழுதுவது ரம்பத்துக்காக அல்ல.

3. சிந்திய ஆசிட்டைத் துடைக்க மரத்தூள் கேட்டான். தம்பி கேட்டால் இல்லை என்பேனா? சாக்குச் சாக்காகக் கொடுத்தேன். மரத்தூளில் அந்த ஆசிட் ஊறினால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்று ஆசிட் விற்பவர் சென்ற மாதம்தான் சொன்னார். மணலைப் போட வேண்டிய இடத்தில் மரத்தூளைப் போட்டிருக்கிறோம். இந்தக் குற்றத்தில் பாதி என்னுடையது.

4. அவன் அந்த மரத்தூளை எறிவதில்லை. சிந்திய ஆசிட்டிலும் பல்லேடியம் இருக்கிறதாம், பிறகு எரித்துச் சாம்பலிலிருந்து எடுப்பானாம். இப்படிச் சேர்ந்தவை பதினொரு மூட்டைகள். மூன்று வாரம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை ஒன்றைத் தொட்டேன், காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. பிரித்தால் நடுவில் கரி. தண்ணீர் ஊற்றினேன். "அண்ணே, நீ மரத்தப் பாரு, இத நான் பாத்துக்கிறேன்" என்று சிரித்தான். மூட்டைகளை வாசலில் தூக்கிப் போட்டேன். ஒன்று விடாமல் எடுத்துப்போய், இருந்த இடத்திலேயே அடுக்கிவிட்டான். அந்த இடம் மாடிப்படிக்கு அடி. மாடிக்கு வேறு வழி கிடையாது.

5. பட்டறைக்கு மேலே, அந்த மாடியில்தான் தம்பி மனைவி இருக்கிறாள். ஏழு மாதம். படி ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எப்படியும் அவள் இறங்கப்போவதில்லை, அதனால் அவன் சர்க்யூட் பலகை வாங்கக் கிளம்பும்போது, நான் மறுபடி மூட்டையைத் தொட்டுவிடுவேன் என்று, படிக்கட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போகிறான். வாரத்தில் மூன்று நாள், காலை பத்து முதல் மாலை நான்கு வரை. கம்பி போட்ட ஜன்னல் வழியே அவள் கயிறு விடுவாள், என் மனைவி மருந்தைக் கட்டி அனுப்புவாள். அந்தக் கம்பியை அளந்துவிட்டேன் ஐயா. ஒரு கை நுழையும், தலை நுழையாது. சுத்தியலும் கடப்பாரையும் வாசலிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். ஆணி எங்கே அடிக்கிறேன் என்றே தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

6. இதற்கு முன் அனுப்பிய மனுவுக்கு, எதிர்மனுதாரருக்கு ஏழு நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் சென்றதாக அறிகிறேன். நோட்டீஸைப் பார்த்ததும் அவன் செய்தது, பூட்டைப் பெரிதாக மாற்றியதுதான்.

ஆகவே ஐயா, முன்னறிவிப்பின்றி இன்றே வர வேண்டுகிறேன். பட்டறைக்கு முத்திரை வைத்துவிட்டுத் திரும்ப வேண்டாம். மூட்டைகள் உள்ளே இருந்தால் முத்திரையால் பயனில்லை. முதலில் அவளைக் கீழே இறக்குங்கள், அடுத்து மூட்டைகளை அகற்றுங்கள். வழக்கு, அபராதம் எதுவானாலும் பிறகு இருக்கட்டும், என் பங்குக்கும் சேர்த்து.

புகார் கொடுத்தது யார் என்று தம்பி கேட்டால் தாராளமாக என்னைச் சொல்லலாம். ஆயுசுக்கும் என் முகத்தில் விழிக்க மாட்டான். விழிக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் கோபத்தோடு உயிரோடு இருந்தால் போதும்.

இடம்: மேற்படி முகவரி
நாள்: திங்கள், காலை 10.20. அவன் இப்போதுதான் பூட்டிக்கொண்டு கிளம்பினான். மனுவை என் மனைவி நேரில் கொண்டு வருகிறாள். நான் வாசலை விட்டு நகர முடியாது.

இப்படிக்கு,
(கையொப்பம்)
தச்சர்